கம்பெனி மைதானத்தில் முந்நூறு செம்மறி

புதன்கிழமை காலை ஏழேகால் மணிக்கு எங்கள் புல் வெட்டும் மெஷின், ரீல் மோவர், ‘க்றீச்ச்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் கம்பெனி மைதானத்தின் முதல் மேட்ச். புல்லோ கணுக்கால் உயரத்துக்கு நின்றது.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, “மேடம், இதுல த்ரில் எதுனா இருக்குமா?” என்பதுதான். இருக்கும். எனக்கு அது ஐந்து நாட்களில் மொத்தமாக வந்தது.

என் பெயர் ஹெலன். சொந்த ஊர் வேலூர். பி.எஸ்சி. அக்ரி முடித்துவிட்டு பெங்களூர் பக்கம் ஒரு கோல்ஃப் மைதானத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். விளையாட்டு மைதானத்துப் புல்லை நடுவது, வெட்டுவது, அதற்கு வரும் நோயைப் பார்ப்பது, தண்ணீரையும் உரத்தையும் அளந்து கொடுப்பது எல்லாம் சேர்ந்ததுதான் டர்ஃப் மேனேஜர் வேலை. என் அம்மா ரிட்டயரான நர்ஸ். யாராவது “பொண்ணு இன்னா பண்ணுது?” என்று கேட்டால், “அக்ரிகல்ச்சர்ல இருக்குது” என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். ஒருமுறை வாய் தவறி “புல்லு வளக்குது” என்று சொல்லிவிட்டாராம். கேட்டவர், “எத்தினி மாடு வச்சிருக்குது?” என்றாராம்.

பெங்களூரை விட்டு வந்து நான் சேர்ந்த இடம் ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனி. அங்கே வேலை செய்பவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். ஸ்டிச்சிங் செக்‌ஷனும் பேக்கிங் செக்‌ஷனும் ஆளுக்கொரு கால்பந்து டீம் வைத்திருந்தார்கள். ஷிஃப்ட் முடிந்ததும் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சிமெண்ட் தரையில்தான் ஆட்டம். முட்டி தேயாத ஆளே கிடையாது. முதலாளி இம்தியாஸ் சாப் ஒருநாள் மாடியில் இருந்து அதைப் பார்த்துவிட்டு, பின்பக்கம் காலியாகக் கிடந்த ஒன்றரை ஏக்கரில் புல் மைதானம் போட்டுத் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்.

அட்மின் மேனேஜர் முரளி சாருக்கு அதே ஒன்றரை ஏக்கர் வேறு காரியத்துக்கு வேண்டியிருந்தது. கண்டெய்னர் லாரி நிறுத்த இடம் இல்லாமல் தினமும் கேட்டில் டிரைவர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவர் அவர். அவரையும் குறை சொல்ல முடியாது. “ஞாயித்துக்கிழம மேட்ச் நடக்கலன்னா திங்கக்கிழம ஜல்லி கொட்டிடறேன் சாப்” என்று மீட்டிங்கில் என் எதிரிலேயே சொன்னார். சாப் சிரித்தார். ‘கொட்டாதே’ என்று அவர் சொல்லவில்லை என்பதை நான் கவனித்தேன்.

தப்பு என்னுடையது

மோவர் ஏன் நின்றது என்று சொல்வதற்கு முன் புல் ஏன் அவ்வளவு உயரம் வளர்ந்தது என்று சொல்லிவிட வேண்டும். மூன்று வாரத்துக்கு முன் யூரியா போடும் அளவை ஷெட்டில் இருந்த போர்டில் எழுதிவைத்தேன். காலையில் வந்தவர்கள் பார்த்துப் போட்டார்கள். நான் போர்டை அழிக்கவில்லை. மதியம் வந்தவர்களும் பார்த்துப் போட்டார்கள். அதன் தலைமேல் இரண்டு வாரம் நல்ல மழை. எங்களுடையது பெர்முடா புல், நம்ம அருகம்புல்லின் படித்த தம்பி. அண்ணனைப் போலவே தம்பிக்கும் தீனி கிடைத்தால் அடக்கம் கிடையாது. ஈரத்தில் மெஷினை இறக்க முடியாமல் நாங்கள் காத்திருக்க, அது பாட்டுக்கு வளர்ந்தது.

மழை விட்டதும் மெஷினை இறக்கினோம். ஓட்டியது சாந்தி. பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமத்துக்காரி, என் கிரவுண்ட் டீமின் தலைவி. இரண்டாவது சுற்றில்தான் அந்தச் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், உருளையில் சுற்றும் பிளேடுகளுக்கும் அடியில் இருக்கும் வெட்டுக் கத்திக்கும் நடுவில் விரல் நீள இரும்புத் தகடு ஒன்று சிக்கியிருந்தது. ஷூவின் உள்ளங்கால் வளையாமல் இருக்க உள்ளே வைப்பார்களே, அந்த ஷாங்க். அந்த இடம் ஒரு காலத்தில் கம்பெனி கழிவு கொட்டிய இடம். மழை அதை மேலே கொண்டுவந்துவிட்டது.

“சாந்தி, கை கால் எதுனா?”

“எனக்கு ஒண்ணும் ஆவல மேடம். இதுக்குத்தான் பல்லு போய்ட்ச்சு.”

சென்னை டீலருக்கு போன் போட்டேன். “பார்ட் வெளிநாட்ல இருந்து வரணும் மேடம். பத்து நாள் ஆவும்” என்றார். தோளில் மாட்டி வெட்டும் மெஷின் ஒன்று இருந்தது. அதில் ஒரு மூலையை வெட்டிப் பார்த்தோம். குடித்துவிட்டு முடி வெட்டியவன் வேலை மாதிரி மேடும் பள்ளமுமாக வந்தது. பந்து அதில் நேராக உருளாது. அருவாளால் அறுக்கலாமா என்று கணக்குப் போட்டேன். ஆட்களும் நாட்களும் பத்தவில்லை. தவிர, ஒரே நாளில் அடியோடு வெட்டினால் பெர்முடா பழுப்புக் குச்சியாகத்தான் நிற்கும். ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம்.

முரளி சார் ஜல்லிக்காரரோடு போனில் பேசிக்கொண்டே ஷெட்டைத் தாண்டிப் போனார். எனக்குக் கேட்கும்படிதான் பேசினார்.

வாய் மட்டும் வேண்டும்

“வாங்க மேடம், ஒரு டீ குடிச்சிட்டு வந்து அழுவலாம்” என்றாள் சாந்தி. வெளியே வந்தோம். சர்வீஸ் ரோட்டை மறித்துக்கொண்டு ஒரு செம்மறி மந்தை போய்க்கொண்டிருந்தது. டீக்கடைக்குப் போக வழி இல்லை. நின்றோம். மந்தை கடந்து வந்த ரோட்டு ஓரத்தைப் பார்த்தேன். காலையில் நான் வரும்போது முழங்கால் உயரம் இருந்த புல், இப்போது கம்பளம் விரித்த மாதிரி ஒரே மட்டமாகக் கிடந்தது. வெள்ளாடு அங்கொரு வாய் இங்கொரு வாய் கடித்து இழுக்கும். செம்மறி அப்படி இல்லை. தலையைக் குனிந்தால் தரையோடு ஒட்டி, வரிசையாகக் கத்தரிக்கும். பதினோரு வருடம் கோல்ஃப் மைதானத்தில் இருந்தும் இது எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

நடு ரோட்டில் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். சாந்தி பயந்துபோய் என் கையைப் பிடித்தாள்.

மந்தைக்காரர் பெயர் நரசிம்மலு. ஆந்திரா பார்டருக்கு அந்தப் பக்கத்து ஊர். தமிழும் தெலுங்கும் கலந்து பேசினார்.

“அண்ணா, எத்தினி ஆடு இருக்கும்?”

“அண்ணன் தம்பி மூணு பேர்து சேத்து முந்நூறும்மா. எந்துக்கு? கிடை போடணுமா?”

விவசாயிகள் எருவுக்காக நிலத்தில் மந்தையை மடக்கி வைக்கச் சொல்வதுதான் கிடை. அதைத்தான் அவர் கேட்டார்.

“கிடை வேணாம்ணா. பகல்ல வந்து மூணு நாள் மேஞ்சிட்டுப் போவணும். புழுக்கை போடாம இருந்தா ரொம்ப நல்லது.”

அவர் என்னை விட்டுவிட்டு சாந்தியைப் பார்த்தார். “அம்மாவுக்கு உடம்பு எதுனா…?”

“இல்ல, படிச்சவங்க” என்றாள் சாந்தி.

“எல்லாரும் புழுக்கைக்குத்தான் கூப்புடுவாங்க. வாய்க்காகக் கூப்புட்டது நீதாம்மா மொதல்ல” என்று அவர் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

அவரோடு நானும் சிரித்துவிட்டு அப்படியே கூட்டிப் போயிருக்கலாம். ஆனால் ஒரு விஷயம் இருந்தது. யூரியா ஜாஸ்தியாகிப்போன புல்லில் நைட்ரேட் சேரும். அதைத் தின்ற ஆடு மூச்சு முட்டிச் சாகலாம். எனக்கு மைதானம் போனால் வேறு வேலை கிடைக்கும். அவருக்கு மந்தைதான் எல்லாம்.

“அண்ணா, ஒண்ணு சொல்லணும். என் தப்பால அந்தப் புல்லுக்கு ரெண்டு பங்கு யூரியா விழுந்திருக்குது.”

சிரிப்பு நின்றது. “எத்தினி நாளாச்சு?”

“மூணு வாரம்.”

“மழ?”

“ரெண்டு வாரம் விடாம.”

கோலைத் தரையில் குத்தினார். “சோளத்தட்ட தின்னு ஒரே நாள்ல பதினோரு ஆட்ட சாவ வுட்டவன்மா நானு. நீ சொல்லாம வுட்டிருந்தா?”

கால்நடை டாக்டராக இருக்கும் என் தோழிக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அவள் தெளிவாகச் சொன்னாள்: முதலில் காய்ந்த தீனி போட்டு அரை வயிறு நிரப்ப வேண்டும், நல்ல தண்ணீர் காட்ட வேண்டும், பத்து ஆட்டை மட்டும் விட்டு மாலைவரை பார்க்க வேண்டும், மூச்சு வாங்கினாலோ கண் இமைக்கு உள்பக்கம் பழுப்பாக மாறினாலோ உடனே அவளுக்குச் சொல்ல வேண்டும். நரசிம்மலு குறுக்கே நாலு கேள்வி கேட்டார். கடைசியில், “பத்து வுட்டுப் பாக்கலாம். எனக்குத் தோணலன்னா அப்பவே ஓட்டிட்டுப் போயிடுவேன்” என்றார்.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. ஆட்டுக்கு ஆகாது. கேன்டீன் தண்ணீர் டேங்கில் இருந்து பைப் போட்டோம். முரளி சாரிடம் கேட்கவில்லை.

பதினொரு மணிக்குப் பின்பக்கச் சின்ன கேட் வழியாகப் பத்து ஆடு இறங்கியது. நாங்கள் மூன்று பேரும் வெயிலில் உட்கார்ந்து பத்து மூஞ்சியை மாறி மாறிப் பார்த்தோம். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். மூன்று மணிக்கு ஒரு ஆடு சட்டென்று காலை மடக்கிப் படுத்தது. நரசிம்மலு செருப்பை விட்டுவிட்டு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். அவர் அதன் இமையைத் தூக்கிப் பார்த்தார். ரோஜா நிறம். ஆடு அவர் முகத்துக்கு நேராக ஒரு ஏப்பம் விட்டது.

“அசை போடுதும்மா! வயிறு முட்டத் தின்னுட்டுப் படுத்துக்கீது!”

மூன்று பேரும் புல்லில் உட்கார்ந்து, வயிறு வலிக்கும்வரை சிரித்தோம்.

வந்த நோக்கம்: புல்

மாலைவரை பத்து ஆட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு முந்நூறு செம்மறியும் மெயின் கேட்டுக்கு வந்தன. செக்யூரிட்டி ரொம்ப ஒழுங்கான மனிதர். ரெஜிஸ்டரில் எழுதாமல் யாரையும் உள்ளே விடமாட்டார். அன்று அவர் எழுதியதைப் போட்டோ எடுத்து இன்றும் வைத்திருக்கிறேன். பெயர்: நரசிம்மலு மற்றும் 300. யாரைப் பார்க்க: ஹெலன் மேடம். வந்த நோக்கம்: புல்.

ஐந்து நிமிஷத்தில் சாப் போன் செய்தார். “ஹெலன் மேடம், கம்பெனி உள்ள ஆடு நிக்குதுன்னு முரளி கத்துறாரு. நெஜமா?”

“நெஜம் சாப். மெஷின் ஒடைஞ்சிட்ச்சு. பார்ட் வர பத்து நாள். இதுங்க மூணு நாள்ல முடிச்சிடும்.”

“இருங்க, வர்றேன்” என்றார் சாப்.

வந்தார். பின்னாலேயே ஃபைலோடு முரளி சார். சாப் என்னைப் பார்க்கவில்லை, புல்லையும் பார்க்கவில்லை. மூன்று தலைமுறையாகத் தோலில் இருக்கும் குடும்பம். நேராக ஒரு கிடாவிடம் போய் முதுகை விரலால் தடவினார். “வாஹ், நல்ல தோல். ஒரு முள்ளுக் கீறல் கெடையாது.”

நரசிம்மலு குறுக்கே வந்து நின்றார். “சாமி, புல்லு தின்னத்தான் கூட்டியாந்தேன். தோல் உள்ளயே இருக்கட்டும்.”

சாப் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

முரளி சார் சிரிக்கவில்லை. “சாப், ஞாயித்துக்கிழம நம்ம ஷூ வாங்கற ஃபாரின் பையர் வர்றாங்க. ஆடிட்ல இன்னா பதில் சொல்றது? மேடம், ஒடனே இத்தயெல்லாம்…” என்று ஃபைலை ஆட்டி ஆட்டிப் பேசினார். ஃபைல் ஆடியது அந்தக் கிடாவுக்குப் பிடிக்கவில்லை. தலையைத் தாழ்த்தியது. “சார், ஆட்டாதீங்க” என்று நரசிம்மலு கத்துவதற்குள் அது கிளம்பிவிட்டது. முரளி சார் அவ்வளவு வேகமாக ஓடுவார் என்று யாருக்கும் தெரியாது. பாதி மைதானம் ஓடி, தப்பிக்க வழி தேடி, நேராகக் கோல் போஸ்டுக்குள் போய் வலையில் விழுந்தார். பின்னாலேயே கிடாவும் விழுந்தது.

காலை டீ பிரேக். கம்பி வேலி முழுக்க ஸ்டிச்சிங் செக்‌ஷன் பெண்கள். இருநூறு குரல் ஒன்றாக: “கோ…ல்!”

நானும் சாந்தியும் ஓடிப்போய் வலையைத் தூக்கினோம். வேலை போனது என்றே நினைத்தேன். முரளி சார் வலைக்குள் படுத்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். “கீழ மெத்து மெத்துன்னு கீது மேடம்” என்றார். “இதுல போய் ஜல்லி கொட்றதான்னு தோணுது.”

மத்தியானம் ஆட்டுக்குத் தண்ணீர் பத்துகிறதா என்று பார்க்க அவரே வந்தார். ஃபைல் கொண்டுவரவில்லை.

ஆட்டை மொத்தமாக விட்டால் பிடித்த இடத்தை மொட்டை அடித்துவிட்டுப் பிடிக்காத இடத்தை அப்படியே விடும். அதனால் நரசிம்மலு இரவில் ஆட்டை மடக்கி வைக்கும் பட்டி வலையைக் கட்டி மைதானத்தை ஆறு பட்டையாகப் பிரித்தோம். ஒரு பட்டையில் ஒன்றரை மணி நேரம், அடுத்த பட்டை. நான் ஸ்கேலை வைத்து அளந்துகொண்டே முன்னால் போவேன். நரசிம்மலு கண்ணாலேயே அளந்து, “போதும், நவுத்து” என்பார். பெரும்பாலும் இரண்டும் ஒத்துப்போயின. மெஷினால் செய்திருந்தால்கூட இவ்வளவு பதமாக, நாளுக்குக் கொஞ்சமாக இறக்கியிருக்க முடியாது. சனிக்கிழமை மதியம் ஸ்கேல் நாலு சென்டிமீட்டர் காட்டியது. புல் பச்சையாகவே இருந்தது.

ஆனால் முந்நூறு ஆடு, மூன்று நாள். புழுக்கையைப் பற்றி நான் கேட்டுக்கொண்டதை எந்த ஆடும் மதிக்கவில்லை. மந்தை போன பிறகு நானும் சாந்தியும் கிரவுண்ட் டீமின் மற்ற ஐந்து பேரும் துடைப்பத்தோடு நின்று மைதானத்தைப் பார்த்தோம். ஒன்றரை ஏக்கரும் மிளகு தூவிய மாதிரி இருந்தது.

ஷிஃப்ட் விட்டது. ஸ்டிச்சிங் டீம் வந்தது, பேக்கிங் டீம் வந்தது, அவர்களோடு வந்தவர்களும் வந்தார்கள். எண்பது பேருக்குக் குறையாது. கேன்டீன் துடைப்பம், டாய்லெட் துடைப்பம், அட்டைப் பெட்டி, துப்பட்டா என்று கையில் கிடைத்ததோடு வரிசை கட்டினார்கள். “ஸ்டிச்சிங் இந்தப் பாதி, பேக்கிங் அந்தப் பாதி. மொதல்ல முடிக்கிறவங்களுக்கு நாளைக்கு மொத கிக்கு!” என்று சாந்தி அறிவித்தாள். அப்படி ஒரு விதி கால்பந்தில் கிடையாது. யாரும் கேட்கவில்லை. விசிலும் கூச்சலுமாக ஒரு மணி நேரத்தில் பெருக்கி முடித்தார்கள். ஸ்பிரிங்க்ளர் விட்டுக் கழுவினோம், ரோலர் விட்டோம், கயிறு கட்டி வெள்ளைக் கோடு போட்டோம். சாக்குச் சாக்காக எரு கிடைத்தது. முரளி சார் இரண்டு சாக்கை வீட்டு ரோஜாச் செடிக்கு எடுத்துக்கொண்டார்.

முதல் மேட்ச்

ஞாயிற்றுக்கிழமை, வெளிநாட்டுப் பையர்கள் இரண்டு பேர் சாப்போடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒரு உயரமான அம்மா எழுந்து வந்து, குனிந்து புல்லைத் தடவிப் பார்த்து, எந்த மெஷினில் வெட்டினீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் முரளி சார் முந்திக்கொண்டார். “லோக்கல் மேக், மேடம். த்ரீ ஹண்ட்ரட் யூனிட்ஸ். ஃபுல்லி ஆர்கானிக்.” யூரியாவை நினைத்து எனக்கு இருமல் வந்துவிட்டது.

மேட்ச் ஆரம்பித்துப் பத்து நிமிஷம் இருக்கும். பேக்கிங் டீமின் ஒரு பெண் பந்துக்குப் பாய்ந்து முழு வேகத்தில் விழுந்தாள். எழுந்து பழக்கத்தில் முட்டியைப் பார்த்தாள். ரத்தம் இல்லை, பச்சைக் கறை மட்டும். இன்னொரு முறை பார்த்தாள். அடுத்த பந்துக்கு விழ வேண்டிய அவசியமே இல்லை; ஆனாலும் விழுந்தாள். அது ஒட்டுவாரொட்டியாகப் பரவியது. ஐந்து நிமிஷத்தில் இருபத்திரண்டு பேரும் காரணமில்லாமல் விழுந்து சறுக்கிக்கொண்டிருந்தார்கள். ரெஃப்ரி விசில் ஊதி ஊதிக் களைத்துப்போனார். ஸ்டிச்சிங் மூன்று, பேக்கிங் இரண்டு. சாப் முரளி சாரின் தோளில் கை போட்டு, “லாரிக்கு வேற எடம் பாரு” என்றார். “பாத்துட்டேன் சாப்” என்றார் முரளி சார்.

வெள்ளை வேட்டி கட்டி மனைவியோடு வந்திருந்த நரசிம்மலு என்னிடம், “அடுத்த தபா யூரியா கம்மியா போடும்மா” என்று மட்டும் சொன்னார்.

ஆட்டம் முடிந்தது. புது மைதானத்தில் முதல் மேட்ச் முடிந்தால் மூன்று நாள் யாரையும் கால் வைக்க விடக்கூடாது. நானே எழுதிக் கொடுத்த விதி. ஆனால் வேலிக்கு வெளியே நின்றிருந்த அத்தனை பேரும் உள்ளே வந்துவிட்டார்கள். வாசலில் செருப்பு மலையாகக் குவிந்தது. வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் காலுக்கு ஷூ தைத்தவர்கள் வெறுங்காலோடு, ரொம்ப மெதுவாக, நடை பழகும் குழந்தையைப் போல் நடந்தார்கள். சிலர் மல்லாந்து படுத்தார்கள். சாந்தி விசிலை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“மேடம், வெரட்டட்டுமா?”

“வேணாம் சாந்தி. நடக்கட்டும்.”

பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு நானும் இறங்கினேன். அத்தனை வருடம் புல் வளர்த்தும், வேலை நேரத்தில் வெறுங்காலோடு அதில் நடந்தது அன்றுதான்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம் சொல்கிறேன். ஒருவரிடம் உதவி கேட்கப் போனால் உங்கள் தேவையைச் சொல்வதோடு உங்கள் தப்பையும் சொல்லிவிடுங்கள். அடுத்தது, புல்லைப் போட்டோவுக்காக வளர்க்காதீர்கள். மிதித்தால் இரண்டு நாள் தலை சாயும், மூன்றாம் நாள் எழுந்துகொள்ளும். அது எழுந்துகொள்ளும்படி பார்த்துக்கொள்ளத்தான் நமக்குச் சம்பளம்.